ஒரு கட்டுரை எவ்ளோ நீளம் இருக்கணும்? 1500 வார்த்தை இல்லேன்னா யாரும் பாக்க மாட்டாங்களா?

மொட்டைமாடி_திருச்சி

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா மாடித்தோட்டம் பத்தி நெட்ல எழுதிட்டு இருக்கேன், வாரத்துக்கு ஒண்ணு, எங்க வீட்டு மாடில என்ன நடக்குதோ அது மட்டும்தான் எழுதுவேன், கேட்டதை படிச்சதை எல்லாம் எழுத மாட்டேன். இப்ப நீளம் விஷயத்துல ரொம்ப குழம்பிப்போய் நிக்கறேன், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

போன மாசம் செம்பருத்தில மாவுப்பூச்சி வந்ததை எழுதினேன். சுமாரா 350 வார்த்தை. பூச்சி பாக்க எப்படி இருக்கும், ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணியோட கலக்கறதுக்கு கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா இலைக்கு அடியில படற மாதிரி அடிக்கணும், ஒரு வாரம் கழிச்சு திரும்ப அடிக்கணும். இவ்ளோதான் இருந்துச்சு. அதை நெட் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டினேன், அவர் பாத்த உடனே இது ரொம்ப சின்னது, 1500 தாண்டலேன்னா கூகுள் கண்டுக்கவே கண்டுக்காதுன்னு சொல்லிட்டார். சரின்னு ரெண்டு நாள் உக்காந்து நீட்டினேன். மாவுப்பூச்சின்னா என்ன, செம்பருத்தி எந்தெந்த நாட்டுல இருக்கு, செம்பருத்தியோட மருத்துவ குணம், மாடித்தோட்டத்தோட நன்மைகள், எல்லாம் சேத்து 1600 வந்துச்சு.

போட்ட மறுநாளே எங்க தெரு அக்கா ஒருத்தங்க போன் பண்ணாங்க. மாடில ஸ்ப்ரேயரை கையில வச்சுக்கிட்டு நிக்கறேன், எத்தனை மில்லின்னு போட்டிருக்கியான்னு கீழ தள்ளிக்கிட்டே போறேன் வரவே மாட்டேங்குதேம்மான்னு கேட்டாங்க. எனக்கு மனசு கஷ்டமா போச்சு. அவங்களுக்காகத்தான் எழுதறதே.

ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, தொட்டிக்கு மண்கலவை தயார் பண்றது பத்தி 1800 வார்த்தை எழுதினேன், அதை ஜனங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு இன்னும் இதை சொல்லலையே அதை சொல்லலையேன்னு கேள்வி கேக்கறாங்க. அப்ப நீளமா இருந்தா படிக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியல. சரியான அளவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

தேடல்வேலை

வணக்கம்க. நான் பத்து வருஷத்துக்கு மேல இந்த தேடல் சம்பந்தமான வேலைலதான் இருக்கேன், அதனால அந்த 1500 கதையை மட்டும் முதல்ல முடிச்சிடறேன்.

கூகுளே எழுதறவங்களுக்குன்னு ஒரு வழிகாட்டி வச்சிருக்கு, அதுல நீங்களே உங்களை கேட்டுக்க வேண்டிய கேள்விகள்னு ஒரு வரிசை வரும். அதுல ஒரு கேள்வி, கூகுளுக்கு இத்தனை வார்த்தை இருந்தாதான் புடிக்கும்னு எங்கயோ கேள்விப்பட்டு அந்த எண்ணிக்கைக்காக எழுதறீங்களான்னு. பக்கத்துலயே அடைப்புக்குள்ள பதிலும் குடுத்திருக்காங்க, எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாதுன்னு. இதுக்கு மேல தெளிவா யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் எல்லாரும் 1500, 2000னு சொல்றாங்கன்னா, முதல் பக்கத்துல வர்ற கட்டுரைகளை எல்லாம் எடுத்து வார்த்தை எண்ணி சராசரி போட்டு பாப்பாங்க, அது பெரிய நம்பரா வரும். உடனே நீளமா இருக்கறதாலதான் மேல வருதுன்னு முடிவு கட்டிடுவாங்க. அந்த கட்டுரை மேல வந்ததுக்கு காரணம் அது ஒரு விஷயத்தை முழுசா சொல்லிருக்கும், முழுசா சொன்னதால நீளமாச்சு. நீங்க பண்ணது அதுக்கு தலைகீழ், நீளத்தை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் உள்ள போட சரக்கு தேடிருக்கீங்க.

இன்னொண்ணும் அடிக்கடி சொல்வாங்க, 7 நிமிஷம் படிக்கற அளவுதான் சரியான அளவுன்னு. மீடியம்னு யார் வேணா கட்டுரை போடற ஒரு தளம் 2013ல அவங்ககிட்ட இருந்த கட்டுரைகளை வச்சு சொன்னது அது, இங்கிலீஷ்ல 1600 வார்த்தை மாதிரி வரும். அதுலயே கட்டுரைக்கு கட்டுரை ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கு, நல்ல கட்டுரை எந்த நீளத்துலயும் படிக்கப்படுதுன்னும் சேத்து சொல்லிருந்தாங்க. அந்த பாதியை விட்டுட்டு நம்பரை மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க.

நீட்டினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னா நெட் பக்கங்களை ஜனங்க எப்படி பயன்படுத்தறாங்கன்னு ஆராயற ஜேக்கப் நீல்சன் 2008ல போட்ட கணக்கை பாருங்க. ஒரு பக்கத்துக்கு வர்றவங்க சராசரியா அதிகபட்சம் 28 சதவீதம் வார்த்தைதான் படிக்க முடியும், நெஜத்துல 20 சதவீதம்தான் இருக்கும்னார். அதை விட முக்கியம், பக்கத்துல 100 வார்த்தை கூடுதலா சேத்தா ஆளுங்க கூடுதலா நிக்கறது 4.4 வினாடிதான். அந்த நேரத்துல ஒரு 18 வார்த்தை படிக்கலாம். மீதி 82 வார்த்தையை கண்ணு தாண்டித்தான் போகுது. பழைய கணக்கு, கம்ப்யூட்டர்ல படிச்சவங்களை வச்சு எடுத்தது, ஆனா உங்க தெரு அக்கா மாடில நின்னு போன்ல தள்ளினாங்களே அதுவும் இதேதான்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு இன்னொரு விஷயம், இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லி சொல்லி தொண்டை வத்திப்போச்சு. இங்கிலீஷ்காரங்க வார்த்தை கணக்கை தமிழுக்கு அப்படியே வைக்கவே கூடாது. போகமுடியாதவங்களுக்கும்னு நாம ஒரே வார்த்தைல சொல்றதை இங்கிலீஷ்ல சொன்னா ஆறேழு வார்த்தை ஆகும். அதனால நம்ம 1000 வார்த்தைல அவங்க 1000 வார்த்தையை விட அதிக விஷயம் உக்காந்திருக்கும். போதாததுக்கு, எண்ணற மென்பொருள் இடைவெளியை வச்சுத்தான் எண்ணும். வந்து கொண்டு இருக்கிறதுன்னு பிரிச்சு எழுதினா மூணு, வந்துகொண்டிருக்கிறதுன்னு சேத்து எழுதினா ஒண்ணு. ஒரே கட்டுரையை ரெண்டு பேர் டைப் பண்ணா ரெண்டு எண்ணிக்கை வரும், அப்ப அந்த எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு இருக்கு சொல்லுங்க. நான் எண்ணிக்கையை பாக்கறதே இல்ல. போன்ல திறந்து, வந்தவங்க கேட்ட கேள்விக்கு பதில் வர்றதுக்கு எத்தனை தடவை விரலால தள்ளணும்னு பாப்பேன்.

தமிழய்யா_தஞ்சை

அம்மா வணக்கம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்தினவன், கம்ப்யூட்டர் சமாச்சாரம் அதிகம் தெரியாது, ஆனா நீங்க கேட்ட கேள்வி எனக்கு ரொம்ப பழக்கமான கேள்வி.

நன்னூல்ல பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு பத்து குற்றம் பத்து அழகுன்னு சொல்லி வச்சிருக்கார். 13ஆம் நூற்றாண்டு. குற்றத்துல முதல்ல வர்றது குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதை குறைச்சு சொல்றது. அதுக்கு அடுத்ததுதான் மிகைபடக் கூறல். நம்ம ஆளுங்க நிறைய பேர் சுருக்கமா எழுதினாலே நல்ல எழுத்துன்னு நினைக்கறாங்க, ஆனா குறைச்சு சொல்றதையும் அவர் குற்றம்னுதான் வச்சிருக்கார், அதுவும் பட்டியல்ல முதல் ஆளா. அழகுல முதல்ல சுருங்கச் சொல்லல், உடனே அடுத்தது விளங்க வைத்தல். பசங்களுக்கு இதை நடத்தும்போது ரெண்டையும் பிரிக்காம ஒரே மூச்சுல சொல்லச் சொல்லுவேன். சுருக்கினதுல விளங்காம போச்சுன்னா அது சுருக்கம் இல்ல, குறை.

உங்க 1600 வார்த்தையை நீங்க சொன்னதை வச்சே பாக்கறேன். செம்பருத்தி எந்த நாட்டுல இருக்கு, மருத்துவ குணம் என்னன்னு போனது மற்றொன்று விரித்தல். எடுத்துக்கிட்ட பொருளை விட்டுட்டு வேற ஒண்ணை விரிக்கறது. மாவுப்பூச்சி மாவுப்பூச்சின்னு அதே சங்கதியை வேற வேற வாக்கியத்துல போட்டிருப்பீங்க, நீட்டறவங்க எல்லாருமே அதை செய்வாங்க, அது கூறியது கூறல். கடைசி பத்தி எப்படி முடிஞ்சிருக்கும்னும் என்னால யூகிக்க முடியுது, எழுதி எழுதி அலுத்துப்போய் ஏதோ ஒரு இடத்துல நிறுத்திருப்பீங்க, அதுக்கு சென்று தேய்ந்து இறுதல்னு பேரு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இதெல்லாம் உங்க குணம் இல்ல, அந்த 350 வார்த்தைல இதுல ஒண்ணு கூட இருந்திருக்காது. யாரோ சொன்ன அளவுக்காக எழுதினதால வந்து சேந்தது.

பரீட்சைல பசங்க பக்கம் பக்கமா எழுதுவாங்க, அடிஷனல் பேப்பர் வாங்கினாலே மார்க் வரும்னு ஒரு நம்பிக்கை. திருத்தும்போது விடை எந்த வரில இருக்குன்னு சிவப்பு மையால கோடு போட்டு தேடிக்கிட்டே வருவேன். அந்த வேதனை எனக்கு தெரியும், அதான் உங்க தெருக்கார அம்மாவோட நிலைமை மனசுல பட்டுச்சு.

பக்கம்42

நான் வாரப் பத்திரிகைல பல வருஷம் சப் எடிட்டரா இருந்தேன். அங்க நீளத்தை நாம முடிவு பண்ண மாட்டோம், லே-அவுட் முடிவு பண்ணும். ஒரு பக்கம்னா ஒரு பக்கம், விளம்பரம் வந்துட்டா அரைப் பக்கம், நல்ல மேட்டரை கூட வெட்டித்தான் ஆகணும். நெட்ல எழுதறவங்களுக்கு அந்த கஷ்டம் இல்ல, ஆனா வேலி இல்லாததால எங்க நிறுத்தறதுன்னு தெரியாம போயிடுது. மொட்டைமாடி, உங்க 1600 வார்த்தைல முதல் பத்தியை மட்டும் இங்க போட முடியுமா? பாத்துட்டு சொல்றேன்.

மொட்டைமாடி_திருச்சி

இதோ போடறேன். தமிழய்யா, நீங்க சொன்னது அத்தனையும் உண்மை, கடைசி பத்தியை இப்ப எடுத்து பாத்தேன், அப்படியேதான் இருக்கு.

“இன்றைய நவீன உலகில் மாடித்தோட்டம் என்பது மக்களிடையே வேகமாகப் பரவி வருகிறது. நகரங்களில் வசிக்கும் பலரும் தங்கள் வீட்டு மாடிகளில் பூச்செடிகள், காய்கறிச் செடிகள், மூலிகைகள் போன்றவற்றை ஆர்வத்துடன் வளர்த்து வருகின்றனர். அவற்றில் அனைவரும் விரும்பி வளர்க்கும் செடிகளில் ஒன்று செம்பருத்தி. ஆனால் இந்தச் செம்பருத்திச் செடியை மாவுப்பூச்சி என்னும் பூச்சி தாக்குகிறது.”

எறும்பு பத்தி நடுவுல ஒரு வரி இருக்கு, “எறும்புகள் இருந்தால் கவனிக்கவும்”னு. அதையும் எடுத்துடலாமான்னு யோசிச்சேன், சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியுது.

பக்கம்42

ஐயோ எறும்பை எடுக்காதீங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல் பத்தி 38 வார்த்தை. செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வரும்ங்கறது மட்டும்தான் இதுல இருக்கற தகவல், அது படிக்கறவங்களுக்கு ஏற்கனவே தெரியும், செடில பாத்துட்டுத்தான் உங்களை தேடி வந்திருக்காங்க. மாடித்தோட்டம் பரவுதுன்னு மாடித்தோட்டம் வச்சிருக்கறவங்ககிட்டயே சொல்லிட்டு இருக்கீங்க. நான் இருந்தா இப்படி ஆரம்பிப்பேன்:

“செம்பருத்தி மொட்டுக்குக் கீழ வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கா? அது மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா அடிங்க.”

20 வார்த்தை. ஸ்ப்ரேயரோட நிக்கற அக்காவுக்கு வேண்டியது இதுல முடிஞ்சுது, அவங்க போகலாம். பத்திரிகைல இதை பாக்ஸ் கட்டி பக்கத்து மேலயே வச்சிடுவோம். மருத்துவ குணம், நாடு, நன்மைகள் மூணையும் யோசிக்காம வெட்டுங்க.

இப்ப எறும்பு. அந்த ஒத்தை வரி இருக்கே, அங்கதான் நீங்க நீட்டிருக்கணும். எனக்கும் செடி வளக்கற ஆசை உண்டு, அதனால சொல்றேன். மாவுப்பூச்சி ஒரு இனிப்பான தண்ணி கக்கும், எறும்பு அதை குடிக்கத்தான் வருது, குடிக்கறதுக்காக பூச்சியை காவல் காக்குது, அதை தின்ன வர்ற மத்த பூச்சியை விரட்டுது. எறும்பு வரிசையை நிறுத்தாம எத்தனை தடவை வேப்பெண்ணெய் அடிச்சாலும் திரும்ப வரும். படிக்கறவங்க ரெண்டு தடவை அடிச்சும் போகலையேன்னு தலைல கை வச்சிருப்பாங்க, காரணம் இந்த ஒரு வரிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. உங்க தொட்டிக்கு எறும்பு எந்த வழியா ஏறுச்சு, நீங்க அதை எப்படி தடுத்தீங்க, எத்தனை நாள்ல குறைஞ்சுது, இதை 200 வார்த்தை எழுதினாலும் ஒருத்தரும் சலிச்சுக்க மாட்டாங்க. அதே மாதிரி பூச்சி மேல ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும், வெறும் தண்ணி வழுக்கிட்டு ஓடிடும், சோப்பு எதுக்குன்னு ஒரு வரில சொல்லிடுங்க, இல்லேன்னா பாதி பேர் சோப்பை விட்டுட்டு வெறும் எண்ணெயை ஊத்தி அடிப்பாங்க.

நான் புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான், மேட்டரை எழுதி முடிச்சதும் ஒவ்வொரு பத்தியா கையால மூடிட்டு மிச்சத்தை படிங்க. மூடினது தெரியவே இல்லேன்னா அது போகட்டும். மூடினதும் எங்கயாவது ஏன் எப்படின்னு கேள்வி வந்தா அந்த பத்தி இருந்தே ஆகணும், ஒருவேளை இன்னும் பெருசாகணும்.

ராத்திரி_வாசகி

நான் எழுதறவ இல்ல, படிக்கறவ. எல்லாரும் வெட்டு வெட்டுன்னு சொல்றதை பாத்தா கொஞ்சம் பயமா இருக்கு, அதனால படிக்கறவங்க பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை சொல்லிடறேன்.

நான் மதுரைல இருக்கேன், ரெண்டு வருஷம் முன்னாடி தொட்டி வச்சு ஆரம்பிச்சு தக்காளி கத்திரி எல்லாம் போச்சு, இலை ஓரம் கருகி கருகி செடி செத்துப்போகும், ஏன்னே தெரியல. நெட்ல தேடினா எல்லா இடத்துலயும் பத்து டிப்ஸ் அஞ்சு டிப்ஸ்னு ஒவ்வொண்ணும் ஒரு வரி, நல்ல மண் போடுங்க, அளவா தண்ணி ஊத்துங்கன்னு. அளவான்னா எவ்ளோன்னு எவரும் சொல்ல மாட்டாங்க. பிள்ளைங்க தூங்கினதுக்கு அப்புறம் ஒரு நாள் ராத்திரி ரொம்ப நீளமான ஒரு கட்டுரை படிச்சேன், ஒருத்தர் எட்டு வாரம் என்ன பண்ணார்னு தேதி வாரியா எழுதிருந்தார். மூணாவது வாரம் அவருக்கும் இலை கருகிருக்கு, கோகோபீட்டை, அதான் தேங்காய் நார்த்தூளை, கழுவாம போட்டுட்டார், அதுல இருந்த உப்பு வேரை பாதிச்சிருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கார், அப்புறம் எல்லாத்தையும் கொட்டி ஊறவச்சு அலசி திரும்ப நட்டிருக்கார். அப்பத்தான் எனக்கு புரிஞ்சுது, நானும் கட்டியை வாங்கி உடைச்சு அப்படியே கொட்டினவதான். அந்த மூணாவது வாரத்தை சுருக்கி எழுதுறேன்னு கோகோபீட்டை கழுவவும்னு ஒரு வரில போட்டிருந்தா நான் கடந்து போயிருப்பேன். கஷ்டப்பட்டதை விரிவா எழுதினதாலதான் மனசுல நின்னுச்சு.

மொட்டைமாடி, உங்க மண்கலவை கட்டுரையை நானும் படிச்சிருக்கேன், அதுல ஒரு வரி கூட குறைக்காதீங்க. அதை யாரும் ஸ்ப்ரேயர் வச்சுக்கிட்டு படிக்கல, உக்காந்து யோசிச்சு தொட்டி வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண படிக்கறோம், அதுக்கு எல்லாமே தெரியணும். தொடரும்னு போட்டு நாலா பிரிச்சுடாதீங்க, அது எனக்கு பிடிக்கவே பிடிக்காது, ரெண்டாவது பாகம் எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள ஆர்வமே போயிடும்.

தேடல்வேலை

ராத்திரி_வாசகி சொன்னது ரொம்ப சரி, நான் இதை முதல்லயே சொல்லிருக்கணும். தேடறவங்க டைப் பண்ற விதத்துலயே இது தெரியும். வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லின்னு தேடறவங்களும் மாடித்தோட்டம் ஆரம்பிப்பது எப்படின்னு தேடறவங்களும் ஒரே நிலைமைல இல்ல, முதல் ஆள் நின்னுக்கிட்டு இருக்கார், ரெண்டாவது ஆள் உக்காந்திருக்கார். மொட்டைமாடி, ஒரு கட்டுரை எழுதறதுக்கு முன்னாடி இதை படிக்கும்போது அவங்க கையில என்ன இருக்கும்னு மட்டும் யோசிச்சு பாருங்க, நீளம் கிட்டத்தட்ட அங்கயே தெரிஞ்சிடும்.

பிரிக்கற விஷயத்துல மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். வாசிப்பு அறுந்து போற மாதிரி நாலு பாகமா வெட்டக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா கோகோபீட் கழுவறதை மட்டும் தனியா தேடறவங்க உண்டு, அது தனக்குன்னு நிக்கற விஷயம். அதுக்கு தனியா சின்னதா ஒண்ணு எழுதி பெரிய கட்டுரைல இருந்து அதுக்கு ஒரு லிங்க் குடுக்கலாம். பெருசுலயும் அந்த பகுதி இருக்கட்டும்.

மொட்டைமாடி_திருச்சி

ஒரு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாவுப்பூச்சியை திருப்பி எழுதினேன். பக்கம்42 அண்ணா சொன்ன மாதிரி அளவை முதல்லயே வச்சேன். எறும்புக்காக திரும்ப மாடிக்கு போய் ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன், பக்கத்து தொட்டில இருந்த மல்லிக் கொடி ஒண்ணு செம்பருத்தி மேல சாஞ்சிருந்துச்சு, அது வழியாத்தான் வரிசையா ஏறிட்டு இருந்துச்சுங்க, தொட்டி அடிவழியா வரவே இல்ல. கொடியை இழுத்து கட்டினேன், தொட்டியை ரெண்டு அடி நகத்தினேன், நாலாவது நாள் வரிசை காணாம போச்சு. முதல் தடவை எழுதும்போது இதை நான் பாக்கவே இல்ல, அதான் ஒரு வரில முடிச்சிருக்கேன். இப்ப அது மட்டுமே நாலு பத்தி வந்திருக்கு. மொத்தம் எவ்ளோன்னு பழக்கதோஷத்துல எண்ணினேன், 540.

தெரு அக்கா படிச்சிட்டாங்க. மில்லி கணக்கு பாத்து அடிச்சு முடிச்சிட்டு, சாயங்காலம் காபி குடிக்கும்போது எறும்பு பகுதியை படிச்சாங்களாம், அவங்க வீட்டுல துணி காயப்போடற கயிறு செடில உரசிக்கிட்டு இருக்காம்.

மண்கலவையை தொடல. ஞாயித்துக்கிழமை புது கோகோபீட் கட்டி ஊறப்போடறேன், அலச அலச தண்ணியோட நிறம் எப்படி மாறுதுன்னு ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து அதை மட்டும் தனியா எழுதறேன். எத்தனை தடவை அலசினேன்னும் மறக்காம போடறேன்.